கட்டிபடாத கூழ்

கனடா, ஸ்காபரோவின் ஏரிக்கரைப் பூங்காவில் ஞாயிறு மதியம். சென்னையிலிருந்து வந்திருக்கும் என்னை, நண்பனின் அத்தை மலர் அன்ரி கூழ் குடிக்க அழைத்து வந்திருக்கிறார். புல்தரையில் கேஸ் அடுப்பு. அதன் மேல் ஓர் ஆள் உட்காரலாம் போலப் பெரிய பானை. நண்டும் இறாலும் மரவள்ளியும் வெந்துவிட்டன. காய்ந்த பனங்கிழங்கை இடித்துக் கரைத்து வைத்த ஒடியல் மாவை அன்ரி இப்போதுதான் ஊற்றிக் கிண்டத் தொடங்குகிறார்.

அந்த நேரம் பார்த்துப் பூங்கா ஊழியரான ஓர் இளம்பெண் வருகிறார். புல்லில் அடுப்பு வைக்கக் கூடாதாம். உடனே அணைத்துவிட்டு, சிமெந்துத் தரையில் இருக்கும் கரி அடுப்புக்குப் போக வேண்டுமாம். மரியாதையாகத்தான் சொல்கிறார்.

"அடுப்பை நிப்பாட்டுறன். அகப்பையை நிப்பாட்ட மாட்டன்" என்கிறார் அன்ரி, ஆங்கிலம் தெரிந்தும் தமிழிலேயே.

"ரெண்டு நிமிஷம் நிறுத்தினா என்ன ஆகும் அன்ரி?" என்று கேட்கிறேன்.

"மா கட்டிபட்டுப் போம் தம்பி. இருபது வருசமா இந்தக் கரையில காய்ச்சுறன். ஒருநாளும் கட்டிபட விட்டதில்லை."

பக்கத்தில் நின்ற அவருடைய கணவரும் உடன்பிறந்த தம்பியும் பானையின் காதுகளைத் துணியால் பிடித்துத் தூக்குகிறார்கள். அவர்கள் நடக்க, அன்ரியும் பக்கத்திலேயே கிண்டிக்கொண்டு நடக்கிறார். பந்து விளையாடுகிறவர்கள் ஆட்டத்தை விட்டு ஒதுங்குகிறார்கள். அந்த ஊழியரே முன்னால் ஓடி, வழியில் கிடந்த சைக்கிளை நகர்த்துகிறார்.

கோழி சுட எங்கள் ஆட்கள் அங்கே மூட்டியிருந்த கரி அடுப்பின் மேல் பானை உட்காருகிறது. அன்ரி அகப்பையை உயர்த்திக் கூழை வழியவிடுகிறார்.

"உந்தப் பார்க் பிள்ளையைக் கூப்பிடும் தம்பி. ஒரு கட்டி இருந்தாக் காட்டச் சொல்லும்."