ரேம் துடைத்த மதியம்

அறந்தாங்கியில் ஒரு மழை மதியம், எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் திரையில் எதுவும் காட்டாமல் 'பீப், பீப்' என்று கத்தியது. குவைத்திலிருந்த கணவருக்குப் போன் போட்டேன்.

"மொதல்ல கரண்டு ஒயரப் புடுங்கிரு. பொட்டியத் தொறந்தா நீளமா, பச்சையா ஒரு அட்ட இருக்கும், அதான் ரேம். அதக் கழட்டி, தங்கக் கலரு ஓரத்த ரப்பரால மெதுவாத் தேயி."

"ஒடஞ்சிருமோன்னு பயமா இருக்குங்க."

"ஒடையாது. நாந்தான் இருக்கேன்ல."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மகளின் அழிரப்பரால் தேய்த்தேன். வெளியே தூறல், காதருகே அவர் மூச்சு. கடல் தாண்டிப் போனவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. ரேமைத் திரும்பப் பொருத்தி சுவிட்சைப் போட்டதும் சத்தம் நின்று, திரையில் வழக்கமான நீலப் படம் மெல்லப் பரவியது.

"வந்துருச்சா?"

"இன்னும் இல்லைங்க" என்றேன்.

"சரி, திரும்ப ஒருதரம் கழட்டு" என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நான் கைகட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.