பெரிய டயரும் பெக்டரி ஏற்றமும்

பலாங்கொடையில் அளவான டயர் கிடைக்கவில்லை என்று, எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறிக்கு, தோட்டத்தை நடத்தும் துரை பெரிய டயர் மாட்டச் சொன்னார்.

"சில்லு பெருத்தா எஞ்சின் சுத்து குறைஞ்சிடுங்க. மொத கியரே ரெண்டாங் கியர் மாதிரி ஆயிடும். ஏத்தத்துல திணறும்" என்று, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் நான் அப்போதே சொன்னேன்.

"கிளாக்கர், நீங்க பேனாவ ஓட்டுங்க" என்றார்.

இன்று கொழுந்து மூட்டைகளோடு பெக்டரி ஏற்றத்தில் லொறி நின்றுவிட்டது. கிளச் கருகிப்போனது.

"மொத கியர்லதாங்க ஐயா ஏறுனேன்" என்றார் டிரைவர் முத்தையா. கண் கலங்கியிருந்தது.

துரை அவரைப் பார்க்கவேயில்லை. "ஓட்டத் தெரியாதவன். வேலை இல்லைன்னு கடிதம் எழுதுங்க" என்றார் என்னிடம்.

டயரைக் காட்டினேன்.

"பேனாவ ஓட்டுங்க, கிளாக்கர்."

ஓட்டினேன்.

நாளைக்குப் புது டிரைவர் வருகிறார். டயர் அதேதான். அவருடைய கடிதத்தையும் இன்றே எழுதி வைத்துவிடலாமா? நீங்களே சொல்லுங்கள்.