ஒப்படைத்த குப்பி

தாமிரபரணிக் கரை வாழைத்தோட்ட மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவைக் கொண்டு, வாழைமட்டையை நொதிக்கவைத்து நார் பிரிக்கும் முறையை நானும் தோழி பாத்திமாவும் உருவாக்கினோம். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப் போனபோது முகவர் சொன்னார்: “செய்முறைய எழுதிக் குடுத்தா மட்டும் காணாதும்மா. அந்தக் கிருமியவும் நுண்ணுயிர்க் காப்பகத்துல ஒப்படைக்கணும்.”

எனக்கு எரிச்சல். பாடுபட்டு வளர்த்ததை முன்பின் தெரியாதவர்களிடம் தூக்கிக் கொடுப்பதா? முணுமுணுத்துக்கொண்டேதான் ஒரு குப்பியை அனுப்பினேன். அதோடு அதை மறந்தும் போனேன்.

அந்த மழைக்காலத்தில் ஆற்றுவெள்ளம் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குள் புகுந்தது. வடிந்தபின் போய்ப் பார்த்தால் குளிர்பெட்டி சேற்றில் கவிழ்ந்து கிடந்தது. ஒரு குப்பிகூடத் தேறவில்லை. மறுபடி மண் எடுக்கலாமென்றால் தோட்டத்தையே வண்டல் மூடியிருந்தது. பாத்திமா தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

வீட்டிலும் மின்சாரம் இல்லாமல் தயிர் கெட்டுப்போயிருந்தது. பக்கத்து வீட்டு செண்பகம் மதினி ஒரு கிண்ணத்தில் உறைமோர் கொண்டுவந்தார். “போன வாரம் நீ குடுத்த உறையில போட்டதுதான், பிடி” என்றார்.

கிண்ணத்தோடு நின்றபடியே பாத்திமாவுக்குப் போன் போட்டேன். “காப்பகத்துல குடுத்தத திரும்பக் கேக்கலாமாடி?”

“நாமதானக்கா குடுத்தோம். கேட்டா தரமாட்டாங்களா?”

தந்தார்கள். வந்த கிருமி நன்றாக வளர்ந்தது. வாழைமட்டை மறுபடி நாராகப் பிரிகிறது. காப்புரிமை மனுவும் பரிசீலனையில் இருக்கிறது.

இப்போதெல்லாம் புதிதாக எந்தக் கிருமி கிடைத்தாலும் முதல் வேலையாக ஒரு குப்பியை வெளியூர்க் காப்பகத்துக்கு அனுப்பிவிடுகிறேன். வீட்டில் பாலுக்கு உறை ஊற்றினால் மதினிக்கும் ஒரு கிண்ணம் போகிறது, அவர் கேட்காவிட்டாலும்.

- ஒரு வாசகி, பாளையங்கோட்டை