கயானாவின் மதகுகள்

“கயானா எங்க இருக்குன்னு உங்க வீட்ல யாருக்காவது தெரியுமாம்மா?” என்றார், ஜெர்மனியின் டிரெஸ்டனில் எங்கள் நீரியல் துறையின் மூத்த ஆய்வாளரான தமிழர். தென் அமெரிக்காவின் கயானா நாட்டு மதகுகள் பற்றிய என் ஆய்வுத் தலைப்புக்கு அவருடைய பரிந்துரையைக் கேட்டிருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான்.

“டிரெஸ்டனே தெரியாது சார். வந்துட்டேன்ல?”

நரைத்த தாடி, கசங்காத சட்டை. பிறர் தொடங்கும் வாக்கியத்தை அவரே முடித்துவிடுவார்.

“அங்க கடலோர நிலம் ரொம்பத் தாழ்வு சார். கடல் இறங்குறப்ப மதகைத் திறந்து மழைத்தண்ணிய வெளிய விடுவாங்க. கடல் ஏறியிருக்கப்ப பெருமழை பெஞ்சா மதகு...”

“உடைஞ்சிரும்.”

“உடையாது சார். திறக்க முடியாது.”

“அதத்தான் சொல்றேன். நீ பேசாம நம்ம ஊர் ஏரி ஒண்ண எடுத்துக்கோ.”

அவ்வளவு படித்தவருக்கு ஒரு வாக்கியம் முடியும்வரை ஏன் பொறுக்க முடியவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் பரிந்துரை இல்லாமலே, அதே தலைப்பை என் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியருக்கு அனுப்பிவிட்டேன்.