வெறுங்கடல்

என்ரை மனுசன் மடுத்தீனுக்கு ஆரிலையும் நம்பிக்கை இல்லை. முப்பது வருசமாப் பேசாலையிலை நண்டு வலை போடுறார். போட்ட இடத்தைக் கூடப்பிறந்த தம்பி கேட்டாலும் மற்றப் பக்கத்தைத்தான் காட்டுவார். சுவாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலை பொய் சொன்னதை ஒத்துக்கொள்ளுவார், இடத்தைச் சொல்லமாட்டார்.

போன வருசம் கடலட்டைப் பண்ணைத் திட்டத்துக்கு ஒரு ஐயா வரைபடத்தோடை வந்தார். "நீங்கள் தொழில் செய்யிற இடத்தைக் காட்டுங்கோ. அதை விட்டுட்டு மிச்சத்திலை பண்ணை போடுவம்" எண்டார்.

"பிடுங்கத்தான் கேக்கிறான்" எண்டு என்ரை காதுக்குள்ளை சொல்லிப்போட்டு, மனுசன் ஒரு நண்டும் படாத வெறுங்கடலிலை விரலை வைச்சார்.

இந்த மாசம் பண்ணைக்குக் கம்பு நட்டாங்கள், சரியா எங்கடை நண்டுக் கடலிலை. மனுசன் அந்த ஐயாவின்ரை கந்தோருக்குப் பாய்ஞ்சு போனார். நானும் பின்னாலை போனன். ஐயா வரைபடத்தை விரிச்சார். அந்த வெறுங்கடலைச் சுத்திப் பச்சைக் கோடு.

"இதைத்தானே அண்ணை விடச் சொன்னீங்கள்? உங்கடை ஊரிலை நாப்பத்தொரு பேரும் இதைத்தான் காட்டினவை."

திரும்பி வரேக்கை எனக்கு வாயிலை நல்ல வார்த்தை வரேல்லை. மனுசன் நடுறோட்டிலை நிண்டு யோசிச்சார்.

"அப்ப தம்பியும் எங்கடை இடத்திலைதான் வலை போட்டவனோ?"