மலாவிக்குப் பேசியவள்

கணவன் ஜீவா மலாவிக்குப் போன புதிதில் அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட மேகலாவுக்குத் தெரியாது. ஆனால் அங்கே நெட் என்ன விலை விற்கிறது என்பது சில மாதங்களிலேயே அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. மணிக்கு ஒரு நெட் பண்டல், நாளுக்கு ஒன்று, வாரத்துக்கு ஒன்று. வாரப் பண்டல் வாங்கினால் ஜீவா இரண்டு வேளை பட்டினி கிடக்க வேண்டும். மணிப் பண்டல் வாங்கினால், இவள் முகம் திரையில் முழுதாகத் தெரிவதற்குள் தீர்ந்துவிடும்.

மேகலா சேர்வராயன் மலையில் வெள்ளக்கடைக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவள். அவள் தாத்தா தருமபுரிப் பக்கமிருந்து வேலைக்காக மலையேறி வந்தவர். மூன்று தலைமுறையாக எஸ்டேட் கொடுத்த அதே லைன் வீடு. குடும்பத்தில் ஒருவராவது எஸ்டேட்டில் வேலை செய்யும்வரைதான் வீடு. கை ஓய்ந்தால் சாமானை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான். எஸ்டேட் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த ஜீவா போர்வெல் வண்டியில் ஏறியது அதனால்தான். திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரின் வண்டிகள் மலாவியில் ஊர் ஊராகப் போய்க் கிணறு துளைத்துக்கொண்டிருந்தன.

"ரெண்டே வருசம் புள்ள. வந்ததும் நமக்குன்னு ஒரு ஊடு" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினான். அப்போது மகள் இலக்கியா முதல் வகுப்பில் இருந்தாள்.

லைன் வீடுகளில் சிக்னல் எடுக்காது. தண்ணித் தொட்டி மேட்டுக்கு ஏறினால்தான் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் மேகலா மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் நிற்பாள். முதலில் வீடியோவில்தான் பேசினார்கள். அவன் வாய் ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமும் போகும். பிறகு வெறும் குரல் மட்டும். பிறகு வாரத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"இங்க நெட்டு தங்கம் மாதிரி புள்ள. சுருக்கமாப் பேசு" என்றான் ஜீவா.

அவள் சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொண்டாள். களை வெட்டும்போதும் பழம் பறிக்கும்போதும், ஞாயிற்றுக்கிழமைக்கு எதைச் சொல்வது எதை விடுவது என்று மனதுக்குள் தரம் பிரித்துக்கொண்டே இருப்பாள். ஓடு ஒழுகுவதைச் சொல்ல வேண்டியதில்லை. கணக்கெழுதும் ரைட்டர் திட்டியதை விட்டுவிடலாம். கனவில் அவன் வந்ததை அவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? இலக்கியாவும் பழகிக்கொண்டாள். "அப்பா நல்லாருக்கேன் சாப்ட்டேன் ஸ்கூலுக்குப் போறேன் நீங்க சாப்ட்டீங்களா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் நீட்டிவிடுவாள்.

ஒருமுறை கந்தசாமியின் ரீசார்ஜ் கடையில் மேகலா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஏனுங்க, என் போன்ல தெனமும் நெட்டு மிச்சமாப் போகுதுங்களே. அதை மலாவிக்கு அனுப்பி உட வழி இருக்குதுங்களா?"

கந்தசாமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நெட்டு என்ன மொளகு மூட்டையாம்மா, பஸ்ல ஏத்தி உட? அன்னன்னிக்கு மிஞ்சினது அன்னிக்கே அழிஞ்சு போயிரும்."

"காசு குடுத்து வாங்கினதுங்களே?"

"வாங்கினதுதான். அதுக்கென்ன பண்றது?"

கடையிலிருந்து வீடு வரும்வரை மேகலாவுக்கு அது ஆறவில்லை. இங்கே தினமும் கொட்டிப் போவதில் ஒரு கைப்பிடி அங்கே கிடைத்தால் போதுமே! கூடப் பறிக்கும் சசிகலாவிடம் சொல்லி ஆற்றாமைப்பட்டாள். "உன்ற சக்களத்தி அந்தப் பண்டலுதான் போ" என்று சசிகலா கேலி செய்தாள். மேகலாவும் சிரித்தாள். ஜீவா பேசாததற்கு ஒரு காரணம் கையில் இருந்தது. அந்தக் காரணத்தின்மேல் கோபப்பட முடிந்தது.

ஒரு கார்த்திகை மாதம் இலக்கியாவுக்கு டெங்கு வந்தது. சேலம் ஜி.எச்.சில் சேர்த்தார்கள். ரத்தத்தில் அணு குறைந்துகொண்டே போனது. வராந்தாவில் நின்றுகொண்டு மேகலா, பண்டல் வீணாகிவிடக் கூடாதென்று அழுகையை நிறுத்திவிட்டுப் பேசினாள். "பாப்பாவுக்கு டெங்கு. ஜி.எச்.ல இருக்கறோம். பாத்துக்கறேன், நீங்க பயப்படாதீங்க." மறுநாள் பதில் வந்தது. 'சரி. தைரியமா இரு.' அந்த மூன்று வார்த்தைக்காக அவன் எந்த வேளைச் சாப்பாட்டை விட்டானோ என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்துப் படுக்கைக்காரியிடம்கூடத் திரையைக் காட்டினாள்.

சித்திரையில் பிரவீன் வந்தான். செம்மநத்தத்துப் பையன், அதே போர்வெல் வண்டியில் வேலை, விடுப்பில் ஊருக்கு வந்திருந்தான். ஜீவா கொடுத்தனுப்பிய பூப்போட்ட துணியைக் கொடுக்க பைக்கில் தேடிக்கொண்டு வந்தான். நல்ல பிள்ளை. மேகலா காப்பி போட்டுக் கொடுத்தாள்.

"அங்க நொம்பக் கஷ்டமா சாமி?"

"முன்னாடிதானுங்க்கா கஷ்டம். இப்ப கேம்ப்ல எல்லாம் இருக்குது. பாக்கறீங்களா?" என்று போனை எடுத்துக் காட்டினான்.

திரையில் ஜீவா கட்டிலில் சாய்ந்து போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ அவுட் ஆனார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் அப்படிச் சிரிப்பான் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"மேட்சு பாக்க நெட்டு நெறைய ஆகுமே?" என்று கேட்டாள்.

"வைஃபைதானுங்க்கா. மொதலாளி கூரை மேல சேட்டிலைட்டுத் தட்டு வெச்சுட்டாரு. எத்தன மணி நேரம் பாத்தாலும் நமக்குக் காசு கெடையாது."

"எப்ப வெச்சாங்க?"

"போன ஆடியிலயே வெச்சாச்சுங்க்கா." சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். "அண்ணன் சொல்லலீங்களா?"

"சொன்னாரு சாமி. நாந்தான் மறந்துட்டேன்" என்றாள் மேகலா. அவன் காப்பியை அரைகுறையாகக் குடித்துவிட்டுக் கிளம்பினான்.

ஆடி போய், ஆவணி, புரட்டாசி, ஐப்பசி போய்த்தான் கார்த்திகை வந்தது. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து வெகுநேரம் எழவில்லை.

மறுநாள் தொட்டி மேட்டுக்குத் தனியாகப் போனாள். வீடியோவில் அழைத்தாள். அவன் எடுக்கவில்லை. 'பண்டல் இல்ல புள்ள, ஞாயித்துக்கெழம' என்று மெசேஜ் வந்தது. மேகலா பட்டனை அழுத்திப் பேசினாள். "பிரவீன் வந்திருந்தாப்ல. தட்டு வெச்சிருக்கறதச் சொன்னாப்ல."

நீல டிக் விழுந்தது. பிறகு அவனே வீடியோவில் வந்தான்.

படம் கண்ணாடி போல இருந்தது. காதோரம் நரைத்திருந்தது. முகத்தில் சதை போட்டிருந்தான். படம் எங்கேயும் நிற்கவில்லை, குரல் திக்கவில்லை.

"எதுக்குங்க?" என்றாள்.

"மொதல்ல நெசமாத்தான் காசு புடிச்சுது புள்ள. தட்டு வெச்சதும் சொல்லலாம்னுதான் இருந்தேன். சொன்னா தெனமும் பேசோணும். நீ அங்க கஷ்டம்பே. நான் இங்க இருந்துக்கிட்டு என்ன பண்ண? பேசி வெச்சா அன்னிக்குப் பூரா வேலையே ஓடாது. பேசாம இருந்தா… நிம்மதியா இருந்துச்சு."

"நான் எந்தக் கஷ்டத்தைங்க சொன்னேன்? ஒவ்வொண்ணா முழுங்கிட்டுத்தானே பேசினேன்?"

அவன் கீழே பார்த்தான்.

"புள்ள ஜி.எச்.ல கெடந்தப்பவும் தட்டு இருந்துச்சுதானுங்களே?"

நெட் நின்று படம் உறைந்துவிடக் கூடாதா என்று அவளுக்கு முதன்முறையாகத் தோன்றியது. அது உறையவில்லை. அவன் மூச்சு விடுவதும், எச்சில் விழுங்குவதும், கண்ணைத் துடைப்பதும் துல்லியமாகத் தெரிந்தன. அவள்தான் அழைப்பைத் துண்டித்தாள்.

அதன்பிறகு ஜீவா தினமும் அழைத்தான். இவள் வேலை முடிந்து தொட்டி மேட்டுக்கு வரும் நேரம் பார்த்து அழைப்பான். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் பேச்சு இல்லை. "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." "மழையா?" "மழைதான்." இலக்கியா தன் பாடத்தை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு ஓடிவிடுவாள். "இரு கண்ணு, அப்பாகிட்டப் பேசு" என்று அவன் கெஞ்சினால், "எல்லாம் சொல்லிட்டனே" என்பாள். அவன் போனைச் சுவரில் சாய்த்துவிட்டுத் துணி மடிப்பான். இவள் விறகுச் சுள்ளி பொறுக்குவாள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லாமல் விட்டவை எல்லாம் எங்கே போயினவென்று மேகலாவுக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தும் ஒன்றும் வாயில் வரவில்லை.

வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வருகிறேன் என்றான், வரவில்லை. தினமும் வந்த அழைப்பு ஒன்றுவிட்டு ஒருநாள் ஆயிற்று. பிறகு பழையபடி வாரத்துக்கு ஒன்று. சண்டை எதுவும் இல்லை. அவனும் பண்டலைச் சாக்குச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

மார்கழியில் காப்பி பழுத்துப் பறிப்பு மும்முரமாக இருந்தது. சிக்னல் எடுக்கும் சரிவில் பறித்துக்கொண்டிருந்தபோது இடுப்பில் போன் அதிர்ந்தது. 'இன்னும் ரெண்டு வருசம் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போடட்டுமா?'

பழச்சாறு ஒட்டிய விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு மேகலா 'போடுங்க' என்று தட்டி அனுப்பினாள்.

"யாரு?" என்றாள் பக்கத்துச் செடியிலிருந்த சசிகலா.

"அவருதான். இன்னும் ரெண்டு வருசம் இருக்கட்டுமான்னு கேக்கறாரு."

"நீ என்ன சொன்னே?"

"இருங்கன்னேன்."

சசிகலா பறிப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். மேகலா கிளையை வளைத்துப் பிடித்து, சிவந்த பழங்களை மட்டும் பார்த்து உருவிக் கூடையில் போட்டாள்.