பச்சை மூடிப் பரல்

ஒருமுறை காய்ந்து ஆறிய எண்ணெயை மறுபடி சூடேற்றினால் அதற்கென்று ஒரு மணம் உண்டு. தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். இப்போதும் பஸ் நிலையத்துப் பக்கம் எந்தக் கடையின் பொரிக்கும் தாச்சியிலிருந்தாவது அது எழுந்தால் என் கால் நின்றுவிடுகிறது. முதலில் இணுவில் ஞாபகம் வரும். பிறகு அவன்.

அவன் என்னோடு படித்தவன். எரிபொருளுக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில் இருவரும் ஒரு வேலை தொடங்கினோம். சாப்பாட்டுக் கடைகள் தெருவோர வடிகானில் ஊற்றிவிடும் பழைய எண்ணெயைச் சேர்த்து, குருநகர்க் கரையில் ஒரு கொட்டிலில் டீசலாக்கி, படகுகளுக்குக் கொடுப்பது. லொறி அவனுடையது, வழி என்னுடையது. எந்தக் கடை எந்தக் கிழமை எண்ணெய் மாற்றும், வெள்ளிக்கிழமை எங்கே வடை கூடும், எங்கே மீன்பொரியல் குறையும், மழைத்தண்ணீர் கலக்க முன்னம் எந்த ஒழுங்கையால் திரும்பினால் கொட்டிலுக்கு வந்து சேரலாம்: சோறு தின்னும்போதும் விரலால் கோப்பையில் வழி கீறிக்கொண்டிருப்பேன். முதல் படகு புகைவிட்ட அன்று கடற்கரை முழுக்க வடை மணந்தது. மீன்கள் இனிச் சட்னி கேட்கும் என்று குருநகர்ச் சனம் சிரித்தது.

இணுவிலில் சைவக்கடை வைத்திருந்த அண்ணை மட்டும் இலேசில் இணங்கவில்லை. தன் எண்ணெய் மீனும் இறைச்சியும் பொரிக்கும் மச்சக்கடை எண்ணெயோடு ஒரே பரலில், ஒரே பீப்பாயில், சேரக்கூடாது என்றார். எரிக்கத்தானே போகிறோம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"எரிஞ்சாலும் அது வைரவருக்கு வடைமாலை சுட்ட எண்ணெய், தம்பி. மற்றது, அதை ஒருத்தரும் திரும்பச் சாப்பிடக் கூடாது. அதுக்கு நீர் பொறுப்பு."

ஓம் என்றேன். லொறியில் இரண்டு பரல் ஏறின. பச்சை மூடி சைவம், சிவப்பு மூடி மச்சம். பரலுக்கு விபூதியும் பூசுவமோ என்று தோழன் நக்கலடித்தான். ஆனால் கதை பரவி, அதுவரை முகம் திருப்பிய சைவக்கடைகள் எல்லாம் தாங்களாகவே கூப்பிட்டன.

பிறகு பச்சை மூடிப் பரல் அரைகுறையாக வரத் தொடங்கியது. சைவக்கடைகளில் வியாபாரம் படுத்துவிட்டது என்றான் லொறியைக் கொண்டுவந்த தோழன். நம்பினேன். பிழை என் வழியில்தான் இருக்கவேண்டும் என்று அதை அழித்தழித்துக் கீறினேன். இணுவிலை முன்னுக்கு வைத்தேன், பின்னுக்கு வைத்தேன். ஒழுங்கைகளைச் சந்தேகித்தேன், வெயிலைச் சந்தேகித்தேன், என்னைச் சந்தேகித்தேன். அவனை மட்டும் விட்டுவிட்டேன்.

வழியை நீட்டிப் பார்க்கலாம் என்று உடுப்பிட்டிக்குப் போனேன். அங்கே மிக்சர் பொரித்து விற்கும் ஒருவரிடம், குருநகர் எண்ணெய் லொறிக்காரர் நாங்கள் என்று சொல்லி, பழைய எண்ணெய் தருவீர்களா என்று கேட்டேன். மனுசன் என்னை விளங்காமல் பார்த்தார்.

"எங்களுக்கு நீங்கள்தானே எண்ணெய் தாறியள்?"

அடுப்படியில் பச்சை மூடிப் பரல் நின்றது. தாச்சியில் அந்த மணம். வாசலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மிக்சர் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

தோழன் மறுக்கவில்லை. லொறிச் சில்லைக் கழுவிக்கொண்டே சொன்னான்:

"நீதானே மச்சான் சைவம், மச்சம் எண்டு வடிவாய்ப் பிரிச்சுத் தந்தனீ. கலந்திருந்தால் உந்த எண்ணெயை ஆர் வாங்கப்போறான்?"

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் கொடுத்த வாக்கையே எடுத்து வடிகட்டி விற்றிருக்கிறான்.

அங்கிருந்து நேரே இணுவிலுக்குப் போனேன். மத்தியானக் கூட்டம் கலைந்து, அண்ணை மேசை துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். உடுப்பிட்டி, மிக்சர், பிள்ளைகள். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. எனக்காக ஒதுக்கி வைத்திருந்த எண்ணெய்க் கலனைக் காலால் மெல்ல உள்ளே தள்ளினார்.

படியிறங்கும்போது என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"அண்ணை, செய்தது அவன். எனக்குத் தெரியாது."

"அவனை எனக்கும் தெரியாது, தம்பி. உம்மைத்தான் தெரியும்."